கூலி: காசோட பேர் ஆளோட பேர் ஆன கதை

பட்டணத்துல இருக்கிற நீங்க நகைக்கடைக்குப் போனா செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவுன்னுதான் முதல்ல கேப்பீங்க. தையல்காரர்கிட்ட தையல்கூலி, மாவு மில்லுல அரவைக்கூலி. எங்க பக்கம் இன்னும் நீளமான பட்டியல் இருக்கு. உழவுக்கூலி, நடவுக்கூலி, களையெடுப்புக்கூலி, கரும்புக்கு வெட்டுக்கூலி, மண்டியில ஏத்துக்கூலி இறக்குக்கூலி, அதைக் கொண்டு போக வண்டிக்கூலி. இத்தனை கூலியையும் வரிசையா வச்சுப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும். இதுல எதுவுமே ஆளோட பேர் இல்ல. எல்லாம் காசு. வேலை செஞ்சதுக்கு அளக்கிற நெல்லு, எண்ணிக் கொடுக்கிற பணம். ஆளைச் சொல்லணும்னா கூலியாள், கூலிக்காரர்னு பின்னால இன்னொன்னு சேர்த்தாத்தான் ஆகும்.

இதே சொல் ஆங்கில அகராதியிலயும் இருக்கு. அங்க அது காசு இல்ல, ஆள். சுமை தூக்கறவன், கப்பல்ல ஏத்திக் கொண்டுபோன ஆசியாக்காரத் தொழிலாளி, அப்புறம் பொதுவா மட்டமான வேலைக்காரன். தென்னாப்பிரிக்காவுல இந்திய வம்சாவளிக்காரர் ஒருத்தரைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொன்னா அது கெட்ட வசவு. நம்ம வீட்டுல தினமும் பொழங்கற சொல் கடல் தாண்டினதும் எப்படி வசவாச்சு? இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். நடவு முடிஞ்சு இப்ப கொஞ்சம் ஓய்வு. எழுதிடறேன்.

முதல்ல நம்ம ஊர்க் கூலி. இது பழைய சொல். திருக்குறள்ல ஆள்வினையுடைமை அதிகாரத்துல 619ஆவது குறளை எடுத்துப் பாருங்க. தெய்வத்தால ஆகாததுகூட முயற்சி பண்ணினா உடம்பு வருந்தினதுக்குத் தக்க பலனைக் கொடுக்கும்னு சொல்ற இடத்துல, அந்தப் பலனுக்கு வள்ளுவர் போட்டிருக்கிற சொல் கூலிதான். அதுல கேவலம் எதுவும் இல்ல. உழைச்சவனுக்குச் சேர வேண்டியது, அவ்வளவுதான். தெலுங்குலயும் கன்னடத்துலயும் மலையாளத்துலயும் இதே கூலி இருக்கு. எங்க பக்கம் தெலுங்கு பேசற குடும்பங்களும் நிறைய. ரெண்டு வீட்டுலயும் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்ல.

கூலம்னா தானியம். மணிமேகலை எழுதின சாத்தனாரைக் கூலவாணிகன்னு சொல்றது அதனாலதான், தானிய வியாபாரி. வேலைக்குத் தானியத்தை அளந்து கொடுத்ததால கூலத்துலேர்ந்து கூலி வந்ததுன்னு சொல்லாராய்ச்சிக்காரங்க சிலர் சொல்றாங்க. எனக்கு அது நம்பற மாதிரிதான் இருக்கு, ஏன்னா நானே அதைக் கண்ணால பார்த்திருக்கேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப அறுப்புக்கு யாரும் பணம் கேக்க மாட்டாங்க. களத்துல நெல்லு தூத்தி பொலி குவிச்ச பிறகு மரக்காலால அளந்து முந்தானையிலயும் கூடையிலயும் போடணும். மல்லாட்டை (வேர்க்கடலையை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) செடியிலேர்ந்து காய் ஆயறவங்களுக்கு காயாவே கூலி. அளக்கும்போது மரக்காலுக்கு மேல கோபுரமா நிக்கிற தானியத்தைத் தட்டி விடறதா அப்படியே விடறதான்னு ஒரு சண்டை வரும் பாருங்க, எல்லா வருஷமும் வரும். எங்க அப்பா தட்ட மாட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் தட்டுவார். அறுப்புக்கு ஆள் யார் கொல்லைக்கு முதல்ல வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கூலின்னு ஒண்ணு கிடைக்கறதே ஒரு காலத்துல பெரிய விஷயமா இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுல வெட்டின்னு ஒரு சொல் வரும். ஊருக்கோ அரசுக்கோ கட்டாயமா செஞ்சு கொடுக்க வேண்டிய ஊதியமில்லாத வேலை. இன்னைக்கு நாம வெட்டி வேலை, வெட்டிப் பயன்னு சொல்றோமே, பலன் இல்லாத வேலைங்கிற அர்த்தம் அதுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெட்டிக்கு அப்புறம் படியாள். ஒரே வீட்டுல வருஷக்கணக்கா, பல நேரம் தலைமுறைக்கணக்கா கட்டுப்பட்டுக் கிடக்கிற ஆள். படி அளந்து கொடுக்கறதால படியாள். கடன் வாங்கியிருந்தா அந்த வீட்டை விட்டு நகர முடியாது. அடிமை முறையை 1843லயே ஐந்தாவது சட்டம் போட்டு ஒழிச்சதா காகிதத்துல இருக்கு. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976ல இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. நடுவுல 133 வருஷம்!

இந்த வெட்டிக்கும் படியாளுக்கும் எதிரா வச்சுப் பார்த்தாத்தான் கூலிங்கிறது என்னன்னு புரியும். நாள் கூலிக்குப் போறவர் இன்னைக்கு உங்க கழனியில, நாளைக்கு இன்னொருத்தர் கழனியில. பிடிக்கலன்னா வர மாட்டார். எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர், அவரோட அப்பா படியாளா இருந்தவர், என்கிட்ட ஒருதரம் சொன்னார்: “எங்கப்பன் படிக்கு இருந்தாரு, நான் கூலிக்குப் போனேன்.” சொன்னப்ப அவர் நிமிர்ந்து உக்காந்திருந்தார். கூலிக்குப் போறதை அவர் உயர்வாத்தான் சொன்னார்.

ஆரணிப் பட்டுலயும் இந்தச் சொல்தான் ஆளுது. நீங்க கல்யாணத்துக்கு வாங்கற பட்டுச்சேலையில பெரும்பகுதி கூலி நெசவு. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளி வீட்டுல தறி இருக்கும், குடும்பமே வேலை செய்யும், சேலை முடிஞ்சதும் ஒரு சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. தறி அவங்களோடது, கை அவங்களோடது, பட்டு மட்டும் அவங்களோடது இல்ல. கடையில சேலை என்ன விலைக்குப் போனாலும் தறிக்காரருக்குப் பேசின கூலிதான். ஆனா அவரை யாரும் ஏ கூலின்னு கூப்பிட மாட்டாங்க. நெசவாளி, நெசவுக்காரர், இல்லன்னா அண்ணன், மாமா.

இப்ப ஆங்கிலத்துக்கு வருவோம். நம்ம ஆளுங்க சந்தோஷமா சொல்றது, ஆங்கிலக் கூலி நம்ம தமிழ்லேர்ந்து போனதுன்னு. பாதி சரி. அகராதிக்காரங்க ரெண்டு வேர் காட்டறாங்க. ஒண்ணு நம்ம கூலி. இன்னொண்ணு குஜராத் பக்கம் இருக்கிற கோலி சமூகத்தோட பேர். 16ஆம் நூற்றாண்டுல மேற்குக் கரைக்கு வந்த போர்த்துகீசியர்கள் கோலிகளைப் பத்தி எழுதியிருக்காங்க. அந்த ஜனங்கள்ல பலர் சுமை தூக்கற, துறைமுகத்துல இறக்கற வேலைக்கு வந்ததால, சாதிப் பேர் வேலைப் பேரா ஆயிருக்கலாம். அந்தப் பேச்சு தென்கரைக்கு வந்தப்ப, இங்க வேலைக்குக் கொடுக்கிற காசுக்கும் கூலின்னு பேர் இருக்கவே, ரெண்டும் ஒட்டிக்கிச்சு.

1886ல ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு அகராதி வந்தது. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க பேச்சுல புழங்கின நம்ம ஊர்ச் சொல்லுங்க பத்தினது. எழுதினவங்க ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் ரெண்டு பேர். பர்னெல் தஞ்சாவூர்ல நீதிபதியா இருந்தவர், தமிழும் சமஸ்கிருதமும் அறிஞ்சவர். அந்தப் புத்தகம் கோலிப் பக்கம்தான் சாயுது. அதுக்கு 30 வருஷம் முன்னால அகராதி போட்ட வில்சன் தமிழ்ப் பக்கம் நின்னார். துருக்கியில அடிமையைக் குறிக்கிற ஒரு சொல்லும் கிட்டத்தட்ட இதே ஓசைன்னு மூணாவது சந்தேகமும் இருக்கு. என்னைக் கேட்டா, எங்க ஏரிக்கு ரெண்டு கால்வாய்லேர்ந்து தண்ணி வருது. நிறைஞ்ச பிறகு இது எந்தக் கால்வாய்த் தண்ணின்னு மதகுல நின்னு பிரிக்க முடியாது. குஜராத் பக்கத்துலேர்ந்து ஆள் வந்தது, நம்ம பக்கத்துலேர்ந்து காசு வந்தது, ஆங்கிலத்துல ரெண்டும் கலந்து ஆளே காசாயிட்டான்.

சீனாவுக்குப் போனப்ப இந்தச் சொல்லுக்கு நடந்தது விசித்திரம். சீனத்துல ஓசைக்குத் தக்க எழுத்தைத் தேடி எழுதணும். அவங்க கூ-லி ஓசைக்குத் தேர்ந்தெடுத்த ரெண்டு எழுத்துல ஒண்ணுக்குக் கசப்புன்னு அர்த்தம், இன்னொண்ணுக்கு பலம், உழைப்பு. கசப்பான உழைப்பு! தெரிஞ்சு செஞ்சாங்களோ தற்செயலோ, அதைவிடப் பொருத்தமா யாராலயும் எழுத முடியாது. மலாய் மொழியிலயும் இந்தோனேசியாவுலயும் குலின்னா இன்னைக்கும் சாதாரணமா வேலையாள்தான். அமெரிக்காவுல 1862ல கலிஃபோர்னியா மாநிலம் கூலிகளுக்கு எதிரான சட்டம்னே பேர் வச்சு ஒரு சட்டம் போட்டது. அங்க கூலின்னா சீனாக்காரர்.

வசவு ஆனதுக்கு முக்கிய காரணம் கரும்பு. 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரங்களுக்கு அடிமை போயாச்சு, கரும்பு போகல. கரும்பு வெட்டறது எப்படிப்பட்ட வேலைன்னு போட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும், சோகை கையைக் கிழிக்கும், வெயில் கீழேர்ந்தும் வரும் மேலேர்ந்தும் வரும். விடுதலையான ஜனங்க அந்த வேலைக்குத் திரும்பி வரப் பிரியப்படல. அதே வருஷம் நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ்ங்கிற கப்பல் கல்கத்தாவுலேர்ந்து 36 பேரோட மொரீசியஸ் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலி முறை அப்படித்தான் ஆரம்பிச்சது. அடிமைக்கும் கூலிக்கும் நடுவுல ஒரு காகிதம், அஞ்சு வருஷ ஒப்பந்தம். அக்ரிமென்ட்ங்கிற சொல் ஃபிஜியில வட இந்தியர் வாயில கிர்மிட்னு ஆச்சு. போனவங்க தங்களைக் கிர்மிட்டியான்னு சொல்லிக்கிட்டாங்க. தோட்டத்துரை சொன்னது கூலி.

சென்னையிலேர்ந்து தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபர்ல கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது, 342 பேரோட. 1911 வரைக்கும் அந்த ஒரு காலனிக்கு மட்டும் ஏறக்குறைய 1,52,000 பேர். அதுல மூணுல ரெண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியா. ஃபிஜிக்கு 1903லேர்ந்து சென்னைக் கப்பல் போக ஆரம்பிச்சது. இந்த ரெண்டு இடத்துக்கும் போன தென்னிந்தியர்ல எங்க வட ஆற்காடு ஜில்லாக்காரங்க கணிசம். அந்தக் காலத்து வட ஆற்காட்டுல ஆரணி, போளூர், வந்தவாசி எல்லாம் அடக்கம். இன்னைக்குத் திருவண்ணாமலை மாவட்டம்னு சொல்றது 1989ல பிரிச்சது. கப்பல் பட்டியல்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்புல இருக்கிற தழும்பு, மச்சம். மாட்டுச் சந்தையில சுழி பார்க்கிற மாதிரி.

ஏன் போனாங்க? 1876லேர்ந்து 78 வரைக்கும் நடந்த பெரிய பஞ்சம். தாது வருஷப் பஞ்சம்னு எங்க பாட்டி காலத்துலயும் பேச்சு இருந்தது. பஞ்ச நிவாரண வேலைன்னு அரசாங்கம் வச்சதுல, சர் ரிச்சர்டு டெம்பிள்னு ஒருத்தர் 1877 ஜனவரியில கூலியைக் குறைச்சார். ஆம்பளைக்கு ஒரு நாள் வேலைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓரணா. ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோகூட இல்ல, 450 கிராம். பொம்பளைக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் கம்மி. சரித்திரத்துல அதுக்கு டெம்பிள் கூலின்னே பேர் நின்னுபோச்சு. சென்னை மாகாணத்தோட சுகாதார அதிகாரி கார்னிஷ்ங்கிறவர், இதைத் தின்னுட்டு மண் வெட்டினா ஆள் செத்துப்போவான்னு கணக்குப் போட்டு எதிர்த்தார். குறைஞ்சது ஒன்றரைப் பவுண்டு வேணும், பருப்பு காய்கறி வேணும்னு கேட்டார். கொஞ்சம் ஏத்தினாங்க. அதுக்குள்ள செத்தவங்க செத்தாங்க. 450 கிராம் அரிசியை அளந்து தட்டுல கொட்டிப் பாருங்க, அதை வச்சு ஒரு நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கணும். சென்னையில பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிப் போறீங்களே, அந்தப் பஞ்சத்துல கூலி வேலையா நீட்டி வெட்டினதுதான் அதுல ஒரு பகுதி.

இப்படி இருக்கிறப்ப கங்காணியோ ஏஜென்டோ வந்து, கடலுக்கு அந்தப் பக்கம் மாசம் 10 ஷில்லிங் கூலி, அரிசி பருப்பு தனி, வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும்னு சொன்னா யார் போக மாட்டாங்க? நேட்டால் ஒப்பந்தத்துல அதான் கணக்கு. நம்ம ஆள் கூலியை நினைச்சுத்தான் கப்பல் ஏறினான், காசுங்கிற அர்த்தத்துல. அந்தப் பக்கம் இறங்கினப்ப அவனே கூலி.

ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கேயே இருக்கணும்னா வருஷத்துக்கு 3 பவுன் வரின்னு 1895ல சட்டம் போட்டாங்க. 3 பவுன்னா 60 ஷில்லிங், முதல் வருஷக் கூலியில ஆறு மாசத்து உழைப்பு. கட்ட முடியலன்னா திரும்பவும் ஒப்பந்தத்துல கையெழுத்து. அந்த வரி 1914லதான் போச்சு. அதுக்காக நடந்த போராட்டத்துல ஜெயிலுக்குப் போய்ச் செத்த தில்லையாடி வள்ளியம்மையை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃபிஜியில கரும்புத் தோட்டத்துல நம்ம பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாட்டாவே எழுதினார். 1917ல ஆள் அனுப்பறது நின்னது.

காந்தியோட சத்திய சோதனையில இந்தச் சொல்லைப் பத்தி நல்ல ஒரு பகுதி இருக்கு. அவர் 1893ல தென்னாப்பிரிக்கா போனப்ப, தொழிலாளிங்கதான் அதிகம்கிறதால அங்க இந்தியர் எல்லாருமே கூலி. பெரிய வியாபாரி கூலி வியாபாரி. வக்கீலுக்குப் படிச்சுட்டு வந்த காந்தி கூலி பாரிஸ்டர். கூலியைத் தவிர இன்னொரு பட்டப்பேர் சாமி. ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமின்னு நம்ம ஆளுங்க பேர் கடைசியில வர்ற சாமியைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சாமின்னு கூப்பிட்டான் வெள்ளைக்காரன். அதுல கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவங்க, சாமின்னா எசமான்னு அர்த்தம், நான் உனக்கு எசமான் இல்லையேன்னு திருப்பிச் சொல்வாங்களாம். சில வெள்ளைக்காரன் கூசிப் போவான், சிலபேர் அடிக்க வருவான். இந்த இடத்தைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சிரிச்சேன். எங்க பக்கத்து ஆள் யாரோ ஒருத்தன்தான் அதைச் சொல்லியிருப்பான்னு தோணுச்சு.

அதே பகுதியில சிரிப்பு வராத சங்கதியும் ஒண்ணு. அங்க இருந்த வசதியான வியாபாரிங்க என்ன பண்ணினாங்கன்னா, நான் கூலி இல்ல, நான் அரபு, நான் வியாபாரின்னு தங்களைப் பிரிச்சுக் காட்டினாங்க. ஒருத்தரைக் கூலின்னு சொல்றது தப்புன்னு அவங்க வாதாடல. என்னைச் சொல்லாதேங்கிறதுதான் வாதம். இதைப் பத்தி நான் கோபப்பட ஒண்ணும் இல்ல, இன்னைக்கும் நம்ம ஊர்ல ஒவ்வொரு சாதியும் தனக்குக் கீழ இருக்கிறவரைக் காட்டி இதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கு. வெள்ளைக்காரன் வசவு நல்லா வேலை செஞ்சதுக்கு இந்த மண்ணுலயும் உரம் இருந்தது.

இலங்கை மலையகத்துல வேற மாதிரி. முதல்ல காப்பி, அது நோய் வந்து அழிஞ்ச பிறகு தேயிலை. கப்பல் ஒப்பந்தம் கிடையாது, கங்காணி. துண்டுன்னு ஒரு சீட்டு உண்டு. ஆளு எவ்வளவு கடன்ல இருக்காருன்னு அதுல எழுதியிருக்கும். இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா அந்தக் கடனைப் புதுத் துரை ஏத்துக்கணும். ஆளை விக்கல, கடனைத்தான் வித்தாங்க, கூடவே ஆளும் போனார். 1921ல அந்தத் துண்டு முறையை ஒழிச்சாங்க. அங்க வெள்ளைக்காரத் துரைங்க தமிழ் கத்துக்கப் புத்தகம் போட்டாங்க. ஒண்ணோட தலைப்பே இங்கே வா. சின்னத்துரைமார் சட்டைப்பையில வச்சுக்கற அளவுக்கு ஒரு கைப்புத்தகம். இன்னொண்ணு பேரு கூலித் தமிழ். வள்ளுவர் எழுதின மொழிக்கு கூலித் தமிழ்னு பேர் வச்சு, ஏவற வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக் கத்துக்கிட்டாங்க. இன்னைக்கு மலையகத்துல இந்தச் சொல்லைத் தள்ளி வச்சுட்டாங்க. கூலி உயர்வு கேக்கறதில்ல, சம்பள உயர்வுதான் கேக்கறாங்க. அவங்க தோட்டத் தொழிலாளர்.

இப்போ வேடிக்கை என்னன்னா, ஆங்கிலத்துலேர்ந்து அந்தச் சொல் புது அர்த்தத்தோட நம்மகிட்ட திரும்பி வந்துடுச்சு. சென்ட்ரல்ல இறங்கி ஏய் கூலின்னு கூப்பிட்டாங்களே, அது தமிழ்க் கூலி இல்ல, ஆங்கிலக் கூலி. தமிழ்ல காசைப் பார்த்து ஏய் காசேன்னு யாரும் கூப்பிட மாட்டாங்க. முல்க் ராஜ் ஆனந்த் 1936ல எழுதின நாவல் பேர் கூலி. 1983ல அமிதாப் படம் கூலி. 2025ல ரஜினி படம் கூலி. போஸ்டரைப் பார்த்தா எங்க ஊர்ப் பசங்களுக்குப் பெருமை. ரஜினியோட பேர்ல இருந்தா கூலியும் கம்பீரம்தான், கம்பீரமா இருக்கட்டும், நல்லதுதான். ரயில்வேக்காரங்க 2016 பட்ஜெட்ல கூலிங்கிற பேரை மாத்தி சஹாயக்னு வைக்கப்போறோம்னு சொன்னாங்க. உதவியாளர்னு அர்த்தம். சட்டை சிவப்பு, சுமை அதேதான்.

நம்ம தமிழும் இந்தச் சொல்லைச் சுத்தமா வச்சிருக்குன்னு சொல்ல மாட்டேன். பேப்பரைத் திறந்தா கூலிப்படை. காசுக்குக் கொலை பண்றவங்களுக்குப் போய் இந்தப் பேரா? கூலிக்கு மாரடிக்கிறதுன்னு பழமொழி. சாவு வீட்டுல காசு வாங்கிட்டு அழறவங்களைச் சொல்றது, மனசில்லாம வேலை செய்யறவன்னு அர்த்தம். ஆனா கூலிக்கு நாத்து நடற பொண்ணுங்களைப் பாருங்க, கோட்டை இழுத்துப் பிடிச்ச மாதிரி வரிசை போகும். சொந்தக் கழனியா இருந்தாக்கூட நான் அவ்வளவு நேரா நட மாட்டேன்.

சர்க்கார் காகிதத்துல இந்தச் சொல் எப்படி இருக்குன்னு பார்த்திருக்கீங்களா? பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் விண்ணப்பம், கோர்ட்டுப் பத்திரம், போலீஸ் அறிக்கை எல்லாத்துலயும் தொழில்னு ஒரு கட்டம். அதுல நம்ம ஜனங்களுக்குக் கூலின்னு போட்டுடுவாங்க. தொழில்: கூலி. நெசவு தெரிஞ்சவர், கிணறு வெட்டத் தெரிஞ்சவர், கரும்பு வெட்டறவர், கொத்தனாருக்குக் கலவை போடறவர் எல்லாருக்கும் அதே ரெண்டு எழுத்து. எனக்கும் ஒருதரம் நடந்தது. ஒரு விண்ணப்பத்துக்குப் போனப்ப என் வேட்டியைப் பார்த்துட்டே எழுதறவர் ஆங்கிலத்துல கூலின்னு போட்டார். எனக்கு ஒண்ணரை ஏக்கர் நிலம் இருக்கு, பட்டா இருக்கு. மணிலா அறுப்பு இல்லாத மாசத்துல கூலிக்கும் போவேன், அதுல வெக்கமில்ல. அது எனக்கு வர்ற காசு. அவர் எழுதினது நான் யாருங்கிறது. அடிச்சுட்டு விவசாயின்னு எழுதச் சொன்னேன். முகத்தைச் சுளிச்சாலும் எழுதினார்.

கடல் கடந்து போனவங்க பேரப்பிள்ளைங்க இந்தச் சொல்லை ரெண்டு விதமா எடுத்துக்கறாங்க. தென்னாப்பிரிக்காவுல மூட்லி, பிள்ளே, படையாச்சி, கோவேந்தர்னு பேர் வச்சிருக்கிறவங்க முன்னால அதைச் சொல்லவே கூடாது. மொரீசியஸ்ல கப்பல் இறங்கின படித்துறைக்கு முன்னால கூலி காட்னே பேர். அதை ஆப்ரவாசி காட்னு மாத்தினாங்க, வந்து குடியேறினவங்களோட துறைன்னு அர்த்தம். 2006ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் அந்தத் தீவுக்கு வந்தாங்க. ஆனா அதே மொரீசியஸ்ல கால் தோராபுலின்னு ஒரு கவிஞர், 1992ல கூலிங்கிற சொல்லையே எடுத்து, கூலிட்யூட்னு ஒரு கொள்கைப் பேர் உண்டாக்கினார். எங்களைச் சொல்லி வஞ்ச பேரை நாங்களே வச்சுக்கறோம்னு. கயானாவுல பிறந்த காயத்ரா பகதூர், கர்ப்பமா தனியா கப்பலேறின தன் கொள்ளுப்பாட்டியோட கதையைத் தேடி எழுதின புத்தகத்துக்குக் கூலிப் பெண்ணுன்னே 2013ல பேர் வச்சார். அந்தச் சொல் தன் சனங்களுக்கு உறுத்தும்னு தெரிஞ்சேதான் வச்சார்.

ரெண்டுல எது சரின்னு அவங்கதான் சொல்லணும், அடி வாங்கினது அவங்க குடும்பம். எங்க ஊர்ல நான் கேட்டுப் பார்த்தேன், நடவுக்கு வந்த அக்காங்ககிட்ட. வெளிநாட்டுல இந்த வார்த்தை வசவாம்னு சொன்னேன். வரப்புல உக்காந்து வெத்திலை போட்டுக்கிட்டிருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஒரு அக்கா கேட்டாங்க, “வசவா? கூலி குடுக்காம இருந்தாத்தானே வசவு?” இன்னொருத்தவங்க, போன மாசம் நூறு நாள் வேலைக் கூலி இன்னும் பேங்க்ல ஏறலன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் பேச்சு பூரா அதைப் பத்திதான்.